அரியலூர் 1956: ராஜினாமா தெரியும், பாலம் தெரியுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாட்டில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் மறுநாள் விடிவதற்குள் என் கைப்பேசிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். லால் பகதூர் சாஸ்திரியின் படம். அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்த உத்தமர், இன்றைக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெருமூச்சு. அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் என் பழைய மாணவர்கள். ஒருவனிடம் திருப்பிக் கேட்டேன், "அரியலூரில் ரயில் எப்படியப்பா விழுந்தது?" என்று. "பாலம் இடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன் சார்" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ராஜினாமா எல்லோருக்கும் தெரிகிறது. பாலம் யாருக்கும் தெரியவில்லை.

1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. அப்போது அது மீட்டர் கேஜ் பாதை, நிலக்கரி எஞ்சின். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். விருத்தாசலம் தாண்டி, அரியலூர் தாண்டி, கல்லகம் நோக்கிப் போகையில், 23-ஆம் தேதி விடிகாலை ஐந்தரை மணி சுமாருக்கு மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. ஆறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தை ஒட்டிய கரை மண்ணை வெள்ளம் ஏற்கெனவே அரித்துவிட்டிருந்தது. தண்டவாளம் மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தால் இருட்டில் ஓட்டுநருக்கு என்ன தெரியும்? எஞ்சினும் முன்பக்கத்துப் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் விழுந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். இறந்தவர்கள் நூற்று நாற்பதுக்கு மேல். வெள்ளம் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம் உண்டு.

நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்திய சம்பவம் இது. ஆனால் அந்த ஆற்றுக்கும் எங்களுக்கும் ஓர் உறவு இருக்கிறது. மருதையாறு பச்சைமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருவது. பச்சைமலை எங்கள் கொல்லிமலைக்குப் பக்கத்து வீடு மாதிரி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் இங்கே கிழக்கு ஓரத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். மலையில் பிறக்கிற காட்டாறுகளின் குணம் மலைக்காரர்களுக்குத் தெரியும். பத்து மாதம் மணலாகக் கிடக்கும். மலைமேல் ஒரு ராத்திரி அடித்து ஊற்றினால் நாலைந்து மணி நேரத்தில் அடிவாரத்தில் ஆளை இழுக்கும். அடிவாரத்தில் மழையே பெய்திருக்காது. இன்னொன்றும் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாலத்தை நேருக்கு நேர் முட்டி உடைப்பது அபூர்வம். பாலம் கரையோடு சேருகிற மூலையில்தான் அது சுரண்டும். கல் கட்டடம் நிற்கும், அதன் தோளில் இருக்கிற மண் போய்விடும். எங்கள் மலைப்பாதையில் சிறுபாலங்கள் போனதெல்லாம் இப்படித்தான். 1984-இல் இடைநிலை ஆசிரியராக மலைக்கு ஏறியவன் நான். அப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தியில் இல்லாத ஒரு தேதி. 1956 செப்டம்பர் 2. ஐதராபாத் பக்கம், ஜட்செர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே இதே மாதிரி மழை, இதே மாதிரி பாலம், இதே மாதிரி இரவு ரயில். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. எண்பத்திரண்டாவது நாள் அரியலூர்.

இரண்டாம் முறை கொடுத்த கடிதத்தை நேரு ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 7-ஆம் தேதி சாஸ்திரி பதவியிலிருந்து விடுபட்டார். ஜகஜீவன் ராம் அந்த இடத்துக்கு வந்தார். சாஸ்திரி இதற்குக் காரணம் என்பதால் ஏற்கவில்லை, ஒரு நல்ல முன்மாதிரி அமைய வேண்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்கிற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார். நம் ஊரில் கதை வேறு பக்கம் போயிற்று. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி.அழகேசன், செங்கல்பட்டுக்காரர். அடுத்த ஆண்டு 1957 தேர்தல். அவர் பெயரையும் அரியலூரையும் எதுகை மோனையில் கோத்து தி.மு.க. போட்ட கோஷம் சுவரெல்லாம் ஏறியது. அன்றைக்கு இளைஞர்களாக இருந்த பெரியவர்கள் இன்றும் அதை வாய்விட்டுச் சொல்வார்கள்.

சாஸ்திரி செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அது பெரிய காரியம். ஆனால் இரண்டு விபத்துக்கும் நடுவே இருந்த அந்த எண்பத்திரண்டு நாளைப் பற்றி நாம் ஏன் பேசுவதே இல்லை? மழைக்காலத்தில் பாலத்துக்குப் பாலம் காவலாள் நின்றானா, ஆற்றில் எந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் வந்தால் ரயிலை நிறுத்த வேண்டும் என்று தூணில் கோடு இருந்ததா, மலையில் மழை என்றால் சமவெளி ஸ்டேஷனுக்குத் தகவல் போக வழி இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு ராஜினாமா பதில் ஆகாது. ஒரு நல்ல மனிதர் போய் இன்னொருவர் வருவார், ஆறு அதே ஆறுதான்.

இங்கே கொஞ்சம் வெளிநாடு போய்விட்டு வருவோம். அயர்லாந்தில் அர்மா என்று ஓர் ஊர். 1889 ஜூன் 12. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளைக் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போன ரயில். கூட்டம் அதிகம், எஞ்சினுக்கு மூச்சு இல்லை, மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பொறுப்பில் இருந்தவர் ஒரு யோசனை செய்தார். ரயிலை இரண்டாகக் கழற்றுவோம், முதல் பாதியை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மறுபாதியை இழுப்போம் என்று. கழற்றிய பின்பாதிக்குக் கடைசிப் பெட்டியில் இருந்த கை பிரேக் மட்டும்தான் பிடிமானம். சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார்கள்!

நம் காரவள்ளி பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்முன் வரும். வண்டி திணறி நின்றதும் கிளீனர் குதித்து இறங்கி டயருக்குக் கல் முட்டுக் கொடுப்பார். லாரிக்கே அது முழு நம்பிக்கை கிடையாது. அர்மாவில் முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கல் நொறுங்கியது. குழந்தைகள் நிறைந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். பத்து நிமிட இடைவெளி விட்டு அடுத்த ரயிலை அனுப்புவது அன்றைய அங்குள்ள வழக்கம். முன்னால் போன ரயில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். மூன்று மாதம் முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. முன் ரயில் அடுத்த ஸ்டேஷனை அடைந்த பிறகுதான் பின் ரயில் கிளம்பலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பிரேக், பெட்டி கழன்றால் அதுவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிக்னலும் பாதை மாற்றும் பாயிண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும். நல்லவன் வந்தாலும் கெட்டவன் வந்தாலும், விழித்திருந்தாலும் தூங்கினாலும், தப்பு செய்ய முடியாதபடி இயந்திரத்தைப் பூட்டிவைப்பது. கம்பெனிகள் செலவு அதிகம் என்று பல வருடமாகத் தள்ளிப்போட்டு வந்த மூன்று விஷயங்கள் அவை.

இந்தப் "பூட்டு" என்கிற விஷயத்தை ஒரு ஆசிரியனாகக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன். பழைய கைகாட்டி மரம் ஞாபகம் இருக்கிறதா? கை நேராக நீட்டியிருந்தால் நில், இறங்கியிருந்தால் போ. அந்தக் கையை ஸ்டேஷனிலிருந்து நீளமான கம்பியால் இழுப்பார்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? கை தானாக "நில்" நிலைக்குப் போய்விடும், எடைக்கல் அப்படிக் கட்டப்பட்டிருக்கும். அதாவது, கருவி கெட்டால் ரயில் நிற்கும், ஓடாது. சங்கிலியை இழுத்தால் ரயில் நிற்பதும் இதே தத்துவம்தான். பிரேக் குழாயில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பிரேக் பிடிக்கும். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தபோது ரயிலே பார்த்திராத பிள்ளைகளுக்கு இதை ஒரு குச்சி, நூல், கல் வைத்துச் செய்து காட்டியிருக்கிறேன். நூலை வெட்டும்போது கை தூக்கிக்கொள்வதைப் பார்த்து அப்படிக் கைதட்டுவார்கள். நாமக்கல் வழியாக சேலம் கரூர் பாதை 2013-இல்தான் வந்தது. அதுவரை எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் பார்க்க வேண்டுமென்றால் சேலமோ ஆத்தூரோ போக வேண்டும்.

சுதந்திர இந்தியாவிலும் யோசனை சொல்ல ஆளில்லாமல் இல்லை. 1962-இல் குன்ஸ்ரு கமிட்டி, 1968-இல் வாஞ்சு கமிட்டி, 1978-இல் சிக்ரி கமிட்டி, 1998-இல் நீதிபதி எச்.ஆர்.கன்னா கமிட்டி, 2012-இல் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் கமிட்டி. ககோட்கர் ஐந்து வருடத்தில் ஒரு லட்சம் கோடி ரூபாய் பாதுகாப்புக்கு வேண்டும் என்றார், ரயில்வேக்கு வெளியே தனி அதிகாரம் உள்ள பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்றார். விபத்தை விசாரிக்கிற அதிகாரி ரயில்வே வாரியத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941-இல், நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றும் ரயில் பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறார். நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆனால் அவர் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு விபத்து, கருவி ஒன்றைப் பெற்றுத் தந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர். புயல், கடல் ஏறியது, ரயில் அப்படியே போனது. நூறு பேருக்கு மேல். தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்தினார், பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான். பிறகு அந்தப் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகும்படி செய்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யோசிக்க வேண்டாம், மேலதிகாரியைக் கேட்க வேண்டாம், காற்று முடிவு செய்யும். அரியலூரில் ஆறு முடிவு செய்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது கவச் பற்றி. 2023 ஜூன் 2 பாலசோர் விபத்துக்குப் பிறகு டீக்கடை முதல் டிவி வரை இந்த ஒரு வார்த்தைதான். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் நின்ற சரக்கு ரயிலில் மோதி, சிதறிய பெட்டிகள் எதிர்த்தடத்து ஹவுரா ரயிலில் விழுந்து, 290 பேருக்கு மேல் இறந்தார்கள். கவச் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று ஒரு கட்சி. இருந்தாலும் தப்பித்திருக்க முடியாது என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன்.

கவச் என்பது சிவப்பு சிக்னலை ஓட்டுநர் தாண்டப் போனால் தானே பிரேக் போடும், இரண்டு ரயில் ஒரே தடத்தில் நெருங்கினால் நிறுத்தும். பாலசோரில் ஓட்டுநர் சிவப்பைத் தாண்டவில்லை. அவருக்குப் பச்சை விளக்கு. நேராகப் போ என்று சிக்னல் சொல்ல, பாயிண்ட் மட்டும் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லெவல் கிராசிங் வேலைக்காகக் கம்பிகளை மாற்றி இணைத்ததில் தவறு நடந்து, அந்த "பூட்டு" பொய் சொல்லிவிட்டது என்றது விசாரணை. அர்மாவுக்குப் பிறகு சட்டமாக்கிய மூன்றாவது விஷயம் எதுவோ, அதுவேதான் இங்கே உடைந்தது. வேகம் மணிக்கு 128 கிலோமீட்டர்.

என்னைத் தூங்கவிடாத விவரம் வேறு. அதே வருடம் பிப்ரவரி 8-ஆம் தேதி கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் இதே கதை நடக்கப் பார்த்தது. சிக்னல் ஒன்று, பாயிண்ட் வேறு. ஓட்டுநர் கண்ணில் பட்டதால் ரயிலை நிறுத்திவிட்டார். தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் மறுநாளே கடிதம் எழுதினார், இந்த அமைப்பில் கடுமையான ஓட்டை இருக்கிறது, சரி செய்யாவிட்டால் பெரிய விபத்து நடக்கும் என்று. நாலு மாதத்துக்குள் பாலசோர். மகபூப்நகருக்கும் அரியலூருக்கும் நடுவே எண்பத்திரண்டு நாள், ஹொசதுர்காவுக்கும் பாலசோருக்கும் நடுவே நூற்றுப் பதினாலு நாள்.

2024 அக்டோபர் 11, கவரைப்பேட்டை. மைசூர் தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ். மறுபடியும் மெயின் லைனுக்குப் பச்சை, ரயில் லூப் லைனுக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. தீப்பிடித்தது, பெட்டிகள் கவிழ்ந்தன, ஒருவரும் இறக்கவில்லை. பாயிண்டில் போல்ட் நட்டுகள் கழன்று கிடந்தது பற்றி நாசவேலையா என்ற கோணத்தில் விசாரணை நடந்தது. யாரும் சாகாததற்கு எல்.எச்.பி. பெட்டிகளைக் காரணம் சொல்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளாத ஜெர்மன் வடிவம் அது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் கட்டிவந்த பழைய வடிவத்தை 2018-இல்தான் நிறுத்தியது. சாவைக் குறைப்பது வேறு, விபத்தைக் குறைப்பது வேறு. இரண்டும் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

கவச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 13 அரக்கோணம் அருகே சித்தேரியில் நின்றிருந்த பாசஞ்சர் மீது பின்னால் வந்த மின்சார ரயில் மோதிப் பத்துப் பேர் இறந்தார்களே, அந்த மாதிரி விபத்துக்கு அது மருந்துதான். ஆனால் கைசால் விபத்துக்குப் பிறகு, இருபத்தைந்து வருடமாக, கொங்கண் ரயில்வேயின் ராஜாராம் செய்த மோதல் தடுப்புக் கருவி என்றும், பிறகு வேறு பெயரிலும் இதே பேச்சு நடக்கிறது. 2024 தொடக்கத்தில் கவச் பொருத்தி முடிந்தது தென்மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டர். நாட்டின் மொத்தப் பாதை 68,000 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பானில் 1962-இல் மிகாவாஷிமாவில் 160 பேர் இறந்தபின் தானியங்கி நிறுத்தும் கருவியை நாடு முழுக்கப் போட்டு முடிக்க அவர்களுக்கு நாலு வருடம் பிடித்தது. சின்ன நாடு என்பீர்கள். சரி, நமக்குப் பத்து வருடம் கொடுப்போம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய விபத்துகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 2014-15-இல் 135, 2023-24-இல் 40 என்கிறது ரயில்வே கணக்கு. 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் ஆளில்லாத கேட் ஒன்றுகூட இல்லை. இது சாதாரண வேலை அல்ல. திட்டுகிறவர்கள் இதையும் சொல்லிவிட்டுத் திட்ட வேண்டும்.

ஆனால் ஆள் இருந்தும் பூட்டு இல்லாத கேட் இருந்தது. 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். அன்றைக்குப் பேப்பரைப் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் காலையில் பிள்ளைகள் வருகிற வழியைப் பார்த்து நின்றவன் நான். பள்ளி வேன் கேட்டைக் கடக்கும்போது விழுப்புரம் மயிலாடுதுறை பாசஞ்சர் வந்து மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா, யார் திறக்கச் சொன்னார்கள் என்று நாலு நாள் டிவியில் சண்டை. அந்த கேட் "இன்டர்லாக்" செய்யப்படாத கேட். அதாவது, கேட்கீப்பர் போனில் "மூடிவிட்டேன்" என்று சொன்னால் போதும், ரயிலுக்குப் பச்சை விழும். பூட்டு இருந்திருந்தால் கேட் உண்மையில் மூடினால்தான் பச்சை. அவர் தூங்கியிருந்தாலும், பொய் சொல்லியிருந்தாலும், மயங்கி விழுந்திருந்தாலும் ரயில் வெளியிலேயே நின்றிருக்கும். அவர் மேல் எல்லோரும் பாய்ந்தோம். அந்தப் பூட்டு ஏன் இல்லை என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். போக்குவரத்து அளவு 10,000 அலகைத் தாண்டிய கேட்டுக்குத்தான் பூட்டு என்று இருந்த விதியை விபத்துக்குப் பிறகு 2,500 என்று குறைத்தார்கள். அர்மா நடந்து 136 வருடம் ஆகியிருந்தது.

மொழி விஷயத்தையும் தொடாமல் விட முடியாது. 2019 மே மாதம் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் நிலை உண்டாகி, கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. சிக்னல் கோளாறில் போனில் பேசித்தான் ரயிலை அனுப்ப வேண்டிய நேரம். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. அதற்குத் தெற்கு ரயில்வே கண்ட மருந்து, இனி இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுங்கள், தமிழ் வேண்டாம் என்று ஜூனில் ஒரு சுற்றறிக்கை! எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். அரசியலை விடுங்கள். ஆபத்தில் மனிதன் வாயில் தாய்மொழிதான் வரும். மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு எடுத்த எவருக்கும் தெரியும், பயந்த பிள்ளை பாடப்புத்தகத் தமிழில் அழாது.

கடைசியாக, என் மாணவன் ஒருவனைப் பற்றி. பெயர் வேண்டாம், வேலையில் இருக்கிறான். எங்கள் மலைப் பையன்களில் ரயில்வே பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், அவன் அதில் ஒருவன். தண்டவாளப் பராமரிப்பு. முன்பு கேங்மேன் என்போம், இப்போது ட்ராக் மெயின்டெய்னர் என்று பெயர். கீமேன் டியூட்டி என்றால் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி எல்லாம் தூக்கிக்கொண்டு விடிகாலையில் அஞ்சாறு கிலோமீட்டர் தண்டவாளத்தில் நடந்து திரும்ப வேண்டும். ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்து, கழன்றிருந்தால் அடித்து மாட்ட வேண்டும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்கி வெல்டிங் இடத்தில் விரிசல் விடும், சித்திரை வெயிலில் நீண்டு வளையும். கூடவே சில பட்டாசுகளும் பையில் இருக்கும். தண்டவாளத்தில் கட்டி வைத்தால் எஞ்சின் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

போன கார்த்திகையில் ஊருக்கு வந்தபோது மழைக்கால ரோந்து பற்றிக் கேட்டேன். "ராத்திரி மழை பேஞ்சா தண்டவாளத்து ஓரமா தண்ணி போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நடக்கோணுங்க சார். சத்தம் மாறுச்சுன்னா எங்கயோ மண்ணு போகுதுன்னு அர்த்தம்" என்றான். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "இங்க நம்ம ஓடைக்கரையில வளர்ந்தவனுக்குத் தெரியாதுங்களா" என்று சிரித்தான். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பார்க்கிறோம், வளைவில் பின்னால் வருகிற ரயில் சத்தம் காற்றில் கேட்காமல் போகும், அதுதான் பயம் என்றும் சொன்னான். அவன் அம்மா பக்கத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

ஓட்டுநர்கள் கதையும் அதேதான். வாராந்திர ஓய்வு 30 மணி நேரத்தோடு வழக்கமான 16 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள் என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் போராடினார்கள். சம்பள உயர்வு கேட்கவில்லை, தூக்கம் கேட்டார்கள். அது செய்தியில் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பணமே இல்லையா என்றால், இருந்தது. 2017-இல் பாதுகாப்புக்கென்று ஒரு லட்சம் கோடியில் தனி நிதி வைத்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கைத் துறை அறிக்கை தடம்புரளல்களைப் பற்றியது. தண்டவாளத்தை அளந்து பார்க்கும் வண்டிகள் செய்ய வேண்டிய சோதனைகளில் 30 முதல் 100 சதவீதம் வரை குறை இருந்தது என்கிறது அது. அந்த நிதியிலிருந்து வாங்கிய பொருள்களில் பாத்திரம் பண்டம், குளிர்கால மேலங்கி, கால் பிடித்துவிடும் மசாஜ் இயந்திரம் எல்லாம் இருந்தது என்றும் சொல்கிறது. யார் கால் வலித்ததோ தெரியவில்லை, கீமேன் காலாக இருக்காது!

பதிவு நீண்டுவிட்டது. தனுஷ்கோடி பாசஞ்சர் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத இருக்கிறேன், பாம்பனில் 2025-இல் திறந்த புதிய தூக்குப் பாலத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். அரியலூர், கல்லகம், லால்குடி பக்கத்து நண்பர்கள் யார் வீட்டிலாவது 1956 விபத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இருந்தால், அன்று ஆற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் போனது, எத்தனை மணிக்கு ஏறியது என்று மட்டும் கேட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். பேரன் பேத்திகள் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினாலும் சரி. தொண்ணூறு வயது ஆகியிருக்கும், தள்ளிப்போட வேண்டாம்.